குண்டு போய் விழுந்த தூரம்

மஞ்சக்குப்பம் லாட்ஜில் இரண்டாம் மாடி.
ஏசி ஒரு பக்கெட்டில் சொட்டுகிறது.
மடிக்கணினியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்:
செத்தார்களா, விலாசம் மாறினார்களா,
கம்பெனிக்குத் தெரியாத பங்குதாரர்கள்.

கெடிலம் கலர்ஸ் லிமிடெட்டைச்
சந்தைக்குக் கொண்டுவந்தவன் நான்.
தொண்ணூற்று நான்கில்.
சந்தையிலிருந்து கழற்றிக்கொண்டு போகவும்
என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள்.
சிக்கனமா, குறும்பா, நான் கேட்கவில்லை.

அன்று என் விசிட்டிங் கார்டில் மெர்ச்சண்ட் பேங்கர்.
பிறகு இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்.
மூன்று வங்கிகள் ஒன்றையொன்று விழுங்கி
நாலாவது என்னைத் துப்பிய பின்
அட்வைசர்.
முகம் அதே. முகமதிப்பும் ஏறக்குறைய.

அன்று விண்ணப்பங்கள் சாக்கில் வந்தன,
கோந்து வாசனையும் குண்டூசித் துருவுமாக.
கேட்டது முப்பத்தேழு மடங்கு.
எண்ணி மாளாமல் கிளை மேனேஜர்
ரேஷன் கடைத் தராசை இரவல் வாங்கி
ஃபாரங்களை எடை போட்டார்.

இன்று ஒன்பது பதினைந்துக்கு
டீ கொண்டுவந்த பையன்
டம்ளரை வைத்த கையால் ஒரு புட் வாங்கி
நான் சர்க்கரை கலக்கி முடிக்குமுன் விற்று
"நானூறு போச்சு சார்" என்கிறான்,
மழை தூறுது சார் என்பதுபோல.

ஆட்டோ குண்டு உப்பலவாடி வழியாகப் போனது.
கோட்டையை வாங்கிய வெள்ளைக்காரன்
பீரங்கியைச் சுட்டு
குண்டு போய் விழும் தூரம் வரை
எனக்கு என்று எழுதி வாங்கினானாம்.
விழுந்த ஊர்களின் பெயரில்
குண்டு ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.
நான் நாற்பது ரூபாய் பிரீமியம் வைத்ததும்
அப்படித்தான்.
ஒரு கால்குலேட்டர், ஒரு தட்டு முந்திரி,
"அம்பது வைக்கலாமே" என்ற முதலாளியின் மச்சான்.
சுட்டோம். விழுந்தது.

ஆலைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால்
நீலமாக ஓடியது அப்போது.
நான் எழுதிய புராஸ்பெக்டஸில்
அபாயங்கள் என்ற பக்கத்தில்
மழை இருந்தது, வட்டி விகிதம் இருந்தது,
வேலைநிறுத்தம் இருந்தது.

ஃபோலியோ 4417.
எஸ். குணபூஷணி, ஸ்டாஃப் நர்ஸ், செம்மண்டலம்.
நூறு பங்கு.
கதவைத் திறந்தது அவரேதான்.
நாய்க்குப் பயந்து போஸ்ட்மேன் வருவதில்லையாம்.

மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன்:
அம்மா, உங்களுக்குச் சேர வேண்டிய தொகை...

"அதையா? ரெண்டாயிரத்துலயே
இருநூத்திப் பத்துக்கு வித்துட்டேனே.
டிரான்ஸ்ஃபர் ஃபாரத்துல கையெழுத்தும் போட்டாச்சு.
வாங்குனவன் பதியாம விட்டுட்டான் போல.
பாவம், எவனோ."
அந்தப் பணத்தில் இறக்கிய மோட்டார்
பின்னால் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார்,
ஊசிக்கு முன் நரம்பைத் தட்டிப் பார்க்கும் விரலின் நிதானத்தில்:
"நீங்க எத்தனை வாங்குனீங்க?"

விதி என்று சொல்லியிருக்கலாம். விதி இருந்தது.
மைத்துனன் பெயரில் வாங்கும் வழியும் இருந்தது,
எல்லோரும் வாங்கினார்கள்.
நான் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி
எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று
அவனுக்குப் போன் செய்து
வேண்டாம்டா என்றேன்.

ஒன்றும் வாங்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.
"கெட்டிக்காரர்" என்றார்.
நாய் என் கால்சட்டையை நெடுநேரம் முகர்ந்தது.

லாட்ஜுக்குத் திரும்பி, 4417-க்கு நேரே
குறிப்பு எழுதினேன்:
ஆள் இருக்கிறார். பங்கு அவருடையதல்ல.
அடுத்த கட்டம், யாருடையது.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
எழுந்து
பக்கெட்டைக் காலி செய்துவிட்டு வந்தேன்.